ஒன்பது நிமிட நடை

நகரங்களை ஒப்பிடும் அந்தப் பட்டியலில் முப்பத்தொரு கேள்விகள் இருந்தன. குழாயில் விடும் தண்ணீரில் வீடு போய்ச் சேர்வது எவ்வளவு, குப்பையில் பிரித்துக் கொடுக்கப்படுவது எவ்வளவு, ஆளுக்கு ஆண்டுக்கு எத்தனை லிட்டர் டீசல், நண்பகலில் சாலையோரம் எத்தனை மீட்டருக்கு நிழல் என்று அது நீளும். இருபத்திரண்டு நகரங்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பதில் எழுதி அனுப்பும். பதில்களை எடை போட்டு, எந்த நகரம் இன்னும் ஐம்பது வருடம் தாங்கும், எது மூச்சு வாங்கும் என்று ஒரு வரிசை வெளிவரும். எங்கே சாலை, எங்கே பேருந்து, எங்கே பூங்கா என்று திட்டப் பிரிவு முடிவு செய்வது அந்த வரிசையைப் பார்த்துத்தான்.

பதினேழாவது கேள்வி நடையைப் பற்றியது. கால்மணி நேரத்துக்கு ஒரு பேருந்தாவது வரும் நிறுத்தத்தைப் பத்து நிமிடத்துக்குள் நடந்து அடையக்கூடிய மக்கள் நூற்றுக்கு எத்தனை பேர்? பெரும்பாலான நகரங்கள் இதைக் கணினி வரைபடத்திலேயே கணக்கிட்டன, நிமிடத்துக்கு எண்பது மீட்டர் என்று. இந்த நகரத்தின் சந்துகளில் பாதி எந்த வரைபடத்திலும் இல்லை. அப்படிப்பட்ட ஊர்கள் ஆளை விட்டு நடந்து பார்க்கலாம் என்று வழிகாட்டிக் கையேடு இடம் கொடுத்திருந்தது. வாசலிலிருந்து நிறுத்தம் வரை நடக்க வேண்டும், நேரம் குறிக்க வேண்டும், வழியில் நின்று பேசக் கூடாது என்றெல்லாம் அதில் இருந்தது. யார் நடக்க வேண்டும் என்று இல்லை.

நடந்தவர் திட்ட அலுவலகத்தின் அளவையாளர். ஐம்பத்து நான்கு வயது, நெட்டையான ஆள், உடம்பில் பெரும்பகுதி கால். இங்கே வருவதற்கு முன் இருபது வருடம் தண்ணீர் மீட்டர் பார்த்தவர். ஒரு நாளைக்கு நூற்றைம்பது வீடு. அலுவலகத்தில் அவருக்கு ‘எக்ஸ்பிரஸ்’ என்று பெயர். அவர் கையில் டீ கிளாஸ் இருக்கும்போது மட்டும்தான் அவரோடு பேச முடியும், மற்ற நேரத்தில் அவர் அங்கே, பேச்சு இங்கே என்பார்கள். அவருக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

இரண்டு ஆண்டுகளில் ஆயிரத்து நூற்று நாற்பது வழிகளை அவர் நடந்தார். ஒவ்வொரு வழிக்கும் இரண்டு படிவம். தூரத்தைக் கோலில் பொருத்திய சக்கரத்தை உருட்டி எடுக்க வேண்டும். சக்கரம் இருந்தால் வேகம் குறையும் என்பதால் அதை ஒரு நாளும், நேரத்தை இன்னொரு நாளும் எடுத்தார். தூரப் படிவம் தரைத்தளத்தில் சாலைப் பிரிவுக்குப் போனது. நேரப் படிவம் மாடியில் புள்ளியியல் பிரிவுக்குப் போனது. ஒரே தெருவைப் பற்றிய இரண்டு எண்களும் மனஸ்தாபப்பட்ட சம்பந்திகளைப் போல ஒரே கட்டடத்தில் இருந்தும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவில்லை.

வரிசை வெளிவந்தபோது நகரம் மூன்றாவது இடத்தில் இருந்தது. முந்தைய முறை பன்னிரண்டு. பதினேழாம் கேள்வியில் மட்டும் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு. எந்த ஊரும் அவ்வளவு வாங்கியதில்லை. தலைமைத் திட்ட அதிகாரி எல்லோருக்கும் டீயும் பிஸ்கட்டும் வரவழைத்தார். கிளாஸும் கையுமாக நின்ற அளவையாளரைப் பார்த்து, “நாங்கெல்லாம் உக்காந்து எழுதினோம். இந்த இடத்தை வாங்கிக் குடுத்தது இவர் கால்” என்றார். ஊர் எல்லையில் ‘மூன்றாவது சிறந்த நகரம் உங்களை வரவேற்கிறது’ என்று பச்சை எழுத்தில் ஒரு பலகை வந்தது.

இரண்டு வாரம் கழித்துப் போக்குவரத்துப் பிரிவு அதே பட்டியலைத் தனக்கு வேண்டிய பக்கத்தில் திறந்தது. நகரத்தின் தெற்கில், பெரிய சாலைக்குக் கீழே இறங்கும் குடியிருப்புக்குச் சரிவுப் பகுதி என்று பெயர். அங்கே நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை பதினாறாம் எண் மினி பஸ் ஓடியது. மதியத்தில் பாதி இருக்கை காலி. அந்தப் பகுதியில் நடுவாக இருக்கும் வீட்டிலிருந்து மேல்ரோட்டு நிறுத்தத்துக்கு ஒன்பது நிமிட நடை என்று பட்டியல் சொன்னது. ஒன்பது நிமிடத்துக்கு எதற்கு ஒரு பஸ்? நிறுத்தினால் டீசல் மிச்சம். டீசல் குறைந்தால் ஒன்பதாம் கேள்வியிலும் மதிப்பெண் ஏறும். அடுத்த முறை இரண்டாம் இடம்கூட எட்டும். இதில் யாரும் கெட்டவர் இல்லை. கையில் இருந்த எண்ணை நம்பினார்கள், அவ்வளவுதான்.

அளவையாளரின் வீடு சரிவுப் பகுதியில் இருந்தது. சொல்லப்போனால், நடுவாக இருக்கும் அந்த வீடே அவருடையதுதான்.

அறிவிப்பு ஒட்டிய அன்று மாலை அவர் அடுப்பங்கரையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தார். மனைவி வேலையிலிருந்து வந்து, பையை ஆணியில் மாட்டி, நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு முழங்காலையும் உள்ளங்கையால் அழுத்திக்கொண்டாள். அவள் மருத்துவமனைச் சலவைக் கூடத்தில் மடிப்பு மேசைக்குப் பொறுப்பாளர். பதினெட்டு வருட வேலை. காலை ஆறரைக்கு மேசையில் நிற்க வேண்டும். அவள் மடித்து அடுக்கும் விரிப்புகளின் ஓரங்கள் ஒரே கோட்டில் நிற்கும். நர்சுகள் அதைப் பார்த்தே இன்றைக்கு அவள் வந்திருக்கிறாளா இல்லையா என்று சொல்லிவிடுவார்கள்.

“பதினாறை நிறுத்தப் போறாங்களாம். ஸ்டாப்புல ஒட்டியிருக்காங்க.”

“எப்ப இருந்து?”

“ஒண்ணாம் தேதியிலேருந்து. சும்மா இல்ல, காரணமும் போட்டிருக்காங்க. இங்கேருந்து மேல்ரோட்டுக்கு ஒன்பது நிமிஷ நடைதானாம்.”

பால் பொங்கி வந்தது. அவர் அடுப்பைத் தணித்தார்.

“ஒன்பது நிமிஷம்னு எழுதினவன் பின்னாடி நாய் துரத்தியிருக்கணும்” என்றாள் அவள்.

“அளந்துதான் போட்டிருப்பாங்க.”

“எந்தப் புண்ணியவான் அளந்தானோ. அவனுக்கு முட்டி இருக்கா, இல்ல ஸ்பிரிங்கு வச்சுத் தச்சிருக்கா?”

“நடக்க நடக்கப் பழகிடும்மா.”

“நீங்க சொல்லுவீங்க. கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷமா எங்க போனாலும் உங்க முதுகைப் பாத்துக்கிட்டே வரேன். சட்டையில எந்த இடத்துல சாயம் போயிருக்குன்னு கேளுங்க, கண்ணை மூடிக்கிட்டுச் சொல்றேன்.”

அவர் டீயை வடிகட்டிக் கொடுத்தார். அவள் ஒரு வாய் குடித்துவிட்டு, நாளைக்கு என்ன காய் வாங்கலாம் என்பது போன்ற குரலில் சொன்னாள்: “நாளைக்கு ஒரு நாள் நடந்து பாக்கறேன். முடிஞ்சா சரி. முடியலன்னா சூப்பர்வைசர்கிட்ட சொல்லிடறேன், ஒண்ணாம் தேதிக்கு மேல வர முடியாதுன்னு. மேசைக்கு வேற ஆள் பாக்க அவங்களுக்கும் நாள் வேணும்ல.”

அந்த ஒன்பது நிமிடம் அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. சொந்தத் தெரு என்பதால் சலுகை காட்டிவிட்டதாக யாரும் சொல்லக் கூடாதே என்று இரண்டு முறை நடந்து எடுத்தது. முதல் முறை ஒன்பது நிமிடம் ஐந்து விநாடி. இரண்டாம் முறை எட்டு நிமிடம் ஐம்பத்தைந்து. எந்தத் தெருவுக்கும் இவ்வளவு ஒழுங்காக அவர் அளந்ததில்லை. அவள் முழங்காலைப் பற்றி அவருக்குத் தெரிந்தது தைலத்தின் வாசனை மட்டும்தான். அவள் பதினாறில் ஏறி ஆறு மணிக்குப் போவாள். அவர் எட்டரைக்குக் கிளம்பி அலுவலகம் வரை நடந்தே போவார். விடுமுறை நாளில் சேர்ந்து வெளியே போனால் அவர் முன்னால், அவள் பின்னால். நகரத்தின் ஆயிரத்து நூற்று நாற்பது வழிகளை நடந்து பார்த்தவர், தன் மனைவி நடந்து ஒருநாளும் பார்த்ததில்லை. இது அன்று இரவு படுத்த பிறகு அவருக்குத் தோன்றியது. புரண்டு படுத்தார்.

மறுநாள் காலை அவள் செருப்பைப் போட்டபோது அவரும் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

“நீங்க எங்க?”

“மேல்ரோடு வரைக்கும் வரேன்.”

“எதுக்கு, முன்னாடி போய் எனக்குத் துண்டு போட்டு சீட் பிடிக்கவா?”

“நீ முன்னாடி போ. நான் பின்னாடி வரேன்.”

அவள் ஒரு நொடி அவரைப் பார்த்தாள். பிறகு கதவைச் சாத்திவிட்டு நடந்தாள். அவர் கை, பழக்க தோஷத்தில், சட்டைப் பைக்குள் போய் ஸ்டாப்வாட்சை அழுத்தியது.

பின்னால் நடப்பது சுலபமாக இல்லை. அவர் கால்களுக்குத் தெரிந்தது ஒரே வேகம். ஆறு எட்டு வைத்தால் அவளை முட்டிவிடும் தூரத்துக்கு வந்துவிடுவார், நிற்பார், அவள் கொஞ்சம் போனதும் மறுபடி ஆறு எட்டு. எதிர்வீட்டுத் திண்ணையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர், என்ன தொலைத்துவிட்டுத் தேடுகிறார் இவர் என்பது போலப் பார்த்தார்.

சந்து முடிகிற இடத்தில் இருபத்தெட்டுப் படிகள். அவர் படிவத்தில் ‘படிகள் உண்டு’ என்று எழுதிய இடம். அவர் அவற்றை இரண்டிரண்டாகத் தாண்டுவார். அவள் வலது காலை மேல் படியில் வைத்து, இடது காலையும் அதே படிக்குக் கொண்டுவந்து சேர்த்து, பிறகு அடுத்த படிக்குப் போனாள். இருபத்தெட்டும் அப்படியே. மேலே போனதும் பையைத் தோள் மாற்றினாள். கால்வாய்ப் பாலத்தில் செருப்பு வாரைச் சரிசெய்வது போலக் குனிந்தாள். வாருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது அவருக்குத் தெரிந்தது. டிரான்ஸ்பார்மருக்குக் கீழே இருக்கும் சிமென்ட் மேடையில் ஒருமுறை உட்கார்ந்தாள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் வந்த பக்கத்துத் தெருப் பெண் அவளுக்கு அருகில் நின்று மூச்சு வாங்கினாள்.

“என்னக்கா, பதினாறு வரலியா?”

“வரும். நான் பழகிக்கிறேன்.”

“எதுக்கு?”

“ஒன்பது நிமிஷத்துல போறதுக்கு.”

“ஐயையோ” என்று அந்தப் பெண் சிரித்தாள். “நான் இவனை இறக்கி ஓட விட்டாக்கூட முடியாதுக்கா.”

அதற்குப் பிறகு கிடங்குச் சுவர். பெரிய சாலைக்குப் போகும் கடைசி ஏற்றம் முழுவதும் இடது பக்கத்தில் அந்த வெள்ளைச் சுவர்தான். அவர் அதை நூறு முறையாவது கடந்திருப்பார். இப்போதுதான் பார்த்தார்: சுவரில் இடுப்பு உயரத்தில், ஒரு சாண் அகலத்துக்கு, கீழிருந்து மேல்வரை விடாமல் ஒரு பழுப்புக் கறை ஓடியது. எங்கேயிருந்து இந்த அழுக்கு என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவள் இடது கையை நீட்டி அந்தக் கறைமேல் வைத்தாள். சுவரைப் பிடித்துப் பிடித்து ஏறினாள். பின்னால் வந்த பெண்ணும் அதே இடத்தில் கை வைத்தாள். எத்தனை வருடங்களாக எத்தனை பேரின் கைகள் தேய்த்த கறை என்று தெரியவில்லை. கையேட்டின் எந்தக் கேள்விக்கும் அது பதில் இல்லை. ஆனால் அவர் நடந்த வேகத்தில் ஊரில் யாரும் நடக்கவில்லை என்பதைச் சுவர் எழுதி வைத்திருந்தது.

மேல்ரோட்டு நிறுத்தத்தை அடைந்தபோது அவள் போக வேண்டிய பஸ் போயிருந்தது. கம்பத்தில் சாய்ந்துகொண்டு, திரும்பாமலே கேட்டாள்: “எவ்வளவு ஆச்சு?”

“எது?”

“பைக்குள்ள கை விட்டுக்கிட்டேதானே வந்தீங்க.”

அவர் வாட்சை வெளியே எடுத்தார். “இருபத்தொண்ணு.”

“அதை எழுத உங்க படிவத்துல இடம் இருக்கா?”

அவர் வாட்சைத் திரும்பப் பைக்குள் போட்டார்.

“இந்த மேட்டை ஒன்பது நிமிஷத்துல ஏறுற ஆள் ஊர்லயே ஒருத்தர்தான். நோட்டீஸைப் படிக்கும்போதே தெரியும்” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அடுத்த பஸ் வந்தது. கம்பியை இரண்டு கையாலும் பிடித்து ஏறிக்கொண்டாள்.

அலுவலகம் திறந்ததும் அளவையாளர் தரைத்தளத்தில் சாலைப் பிரிவுக்குப் போனார். தன் தெருவின் தூரப் படிவத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு மாடி ஏறினார். இரண்டிரண்டு படியாக ஏறத் தொடங்கி, பாதியில் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார். எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று ஆச்சரியமாக இருந்தது.

புள்ளியியல் அதிகாரி முப்பத்தைந்து வயதுப் பெண். பட்டியலின் எல்லா எண்களும் அவர் மேசையைத் தாண்டித்தான் போகும். அங்கே இருந்த நேரப் படிவத்தையும் எடுத்து, இரண்டு தாள்களையும் அவர் முன்னால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார் அளவையாளர். தூரம் ஆயிரத்து இருபது மீட்டர். நேரம் ஒன்பது நிமிடம்.

“வகுத்துப் பாருங்கம்மா.”

அவர் வகுத்தார். இன்னொரு முறை வகுத்தார். “அண்ணே, நிமிஷத்துக்கு நூத்திப் பதிமூணு மீட்டர் வருது.”

“மத்த ஊர்ல எண்பதுதானே?”

“எண்பது.” அவர் பேனாவைக் கீழே வைத்தார். “எல்லாத் தெருவும் இப்படித்தானாண்ணே?”

“எல்லாத் தெருவும் நான்தானேம்மா.”

கீழேயிருந்து கட்டுக் கட்டாகத் தூரப் படிவங்கள் மாடிக்கு வந்தன. அன்று முழுக்க ஒருவர் வாசிக்க, ஒருவர் கணினியில் ஏற்றினார்கள். மாலை நாலு மணிக்கு அதிகாரி நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

“அண்ணே, ஒண்ணு சொல்லட்டுமா? ஆயிரத்து நூத்து நாப்பது வழி. எங்கயும் நூத்திப் பத்துக்குக் கீழ போகல, நூத்திப் பதினாறுக்கு மேல போகல. மழையில நடந்தது, வெயில்ல நடந்தது, எல்லாம் ஒரே அளவு. நம்ம ஆபீஸ்லயே இவ்வளவு ஒழுங்கான கருவி வேற கிடையாது.”

“அப்ப தப்பு இல்லையா?”

“தப்புதான். ஆனா ஒரே மாதிரியான தப்பு. அதனால திருத்திடலாம். உங்க ஒன்பது மத்தவங்களுக்குப் பதிமூணு. உங்க ஏழு, பத்து. நீங்க மட்டும் அங்கங்க நின்னு வேடிக்கை பாத்திருந்தீங்கன்னா ஒண்ணும் பண்ண முடியாது. ரெண்டு வருஷ வேலையும் குப்பைதான்.”

திருத்தினால் தொண்ணூற்று நான்கு அறுபத்தொன்றாக இறங்கியது. நகரம் மூன்றிலிருந்து பதினொன்றுக்குப் போனது.

தலைமைத் திட்ட அதிகாரி தாளைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்தார். பட்டியலை வெளியிடும் அமைப்பு திருத்தங்களை வெள்ளிக்கிழமை மாலை வரை ஏற்றுக்கொள்ளும். அன்று செவ்வாய்.

“ஏறுறதுக்குத் திருத்தம் அனுப்பின ஊர் உண்டு. இறங்குறதுக்கு அனுப்பின ஊரைக் கேள்விப்பட்டிருக்கீங்களாம்மா?”

“இல்ல சார்.”

“பலகையில பெயின்டுகூட இன்னும் காயல.”

“அடுத்த தடவை வேற யாராவது நடந்தா வெளிய வந்துடும் சார். அண்ணன் ரிட்டையர் ஆக நாலே வருஷம்தான் இருக்கு.”

“ரிட்டையர் ஆக விடாம வச்சுக்கலாம்” என்றார் அவர். யாரும் சிரிக்கவில்லை, அவரும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. அளவையாளர் பக்கம் திரும்பினார். “ரெண்டு வருஷமா சும்மா இருந்துட்டு இப்ப எப்படிங்க தெரிஞ்சுது?”

“எங்க வீட்டுல பதினாறுலதான் சார் வேலைக்குப் போறாங்க. நேத்து பின்னாடியே போய்ப் பார்த்தேன்” என்று தொடங்கியவர் திருத்திக்கொண்டார். “நேத்து இல்ல, இன்னிக்குக் காலையில.”

“அப்ப இது உங்க சொந்த விஷயம். நாளைக்கு நாலு பேர் சொல்லுவாங்க, பெண்டாட்டி போற பஸ்ஸைக் காப்பாத்தறதுக்கு ஊரையே எட்டு இடம் இறக்கிட்டாருன்னு.”

“சொந்த விஷயம்தான் சார். இல்லன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது.”

தலைமை அதிகாரி ஜன்னல் பக்கம் பார்த்தார். கீழே பேருந்து நிறுத்தத்தில் சிலர் வெயிலுக்குக் கம்பத்தின் ஒல்லி நிழலில் ஒருவர் பின் ஒருவராக நின்றிருந்தார்கள். “ஆழம் தெரியாமக் காலை விட்டுட்டோம்” என்றார்.

“விட்டது என் கால்தான் சார்.”

இந்த முறை மூவரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் தலைமை அதிகாரி வேலை சொன்னார். பன்னிரண்டு வழிகளைச் சீட்டுக் குலுக்கி எடுக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் அந்தத் தெருக்காரர்கள் மூன்று பேர் நடக்க வேண்டும். ஒருவர் சுமையோடு, ஒருவர் அறுபதைத் தாண்டியவர், ஒருவர் யாராகவும் இருக்கலாம். புள்ளியியல் அதிகாரி நேரம் எடுப்பார். அளவையாளர் தெருவைக் காட்டலாம், நடக்கக் கூடாது.

புதனும் வியாழனும் அப்படியே போயின. அளவையாளர் ஒவ்வொரு நிறுத்தத்திலும் முன்னதாகப் போய் நின்றுகொண்டு, மற்றவர்கள் வருவதைப் பார்த்தார். ஒரு தெருவில் காய்கறிக் கூடைக்காரர், “என்னங்க, எங்களை வச்சு ரேஸ் விடறீங்களா?” என்றார். இன்னொரு தெருவில் ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர் அளவையாளரைவிட வேகமாக வந்து, புள்ளியியல் அதிகாரியை வாட்சை இரண்டு முறை பார்க்க வைத்தார். நல்லவேளை, அவர் போல இன்னொருவர் கிடைக்கவில்லை. முப்பத்தாறு பேரின் சராசரி நிமிடத்துக்கு எழுபத்து நான்கு மீட்டர். கையேட்டின் எண்பதுகூடக் கொஞ்சம் தாராளம்தான்.

வெள்ளிக்கிழமை மதியம் திருத்தப் படிவம் மேசைக்கு வந்தது. அதில் ‘பிழைக்கான காரணம்’ என்று ஒரு கட்டம். கீழே அளந்தவர் கையெழுத்து.

“கருவிப் பிழைன்னு போட்டுடலாம்” என்றார் தலைமை அதிகாரி. மரியாதையாகத்தான் சொன்னார். “யார் மேலயும் வராது.”

“வேணாம் சார். வாட்ச் சரியாத்தான் ஓடுது.”

அளவையாளர் பேனாவை வாங்கினார். மீட்டர் பார்த்த காலத்து எழுத்து, குண்டு குண்டாக, கட்டத்தை விட்டு வெளியே போகாமல் எழுதினார்: ‘அளந்தவர் மற்றவர்களைவிட வேகமாக நடப்பவர். அளந்தபோது அவருக்கு அது தெரியாது.’ கையெழுத்துப் போட்டார். தலைமை அதிகாரி அதைப் படித்தார், மறுபடி படித்தார், தன் கையெழுத்தை அதன் அடியில் போட்டு அனுப்பச் சொன்னார்.

பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஒரு செய்தித்தாளில் ஆறு வரி வந்தது. எல்லைப் பலகையில் ‘மூன்றாவது சிறந்த’ என்பதை மட்டும் வெள்ளைப் பெயின்டால் மூடினார்கள். இப்போது ‘நகரம் உங்களை வரவேற்கிறது’ என்றிருக்கிறது, இடது பக்கம் கொஞ்சம் காலியாக. பட்டியல் அமைப்பிலிருந்து ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டு, ஆளை விட்டு அளந்த மற்ற ஊர்களிடமும் நடந்தவரின் வேகத்தைக் கேட்கப் போவதாகச் சொன்னார். இரண்டு ஊர்களிலிருந்து இன்னும் பதில் வரவில்லை.

பதினாறாம் எண் நிறுத்தத்தில் பழைய அறிவிப்பின் மேலேயே புதியதை ஒட்டியிருந்தார்கள். சரிவுப் பகுதி பத்து நிமிட நடைக்குள் வரவில்லை என்பதால் பஸ் தொடரும் என்று அதில் இருந்தது. மனைவி அதைப் படித்துவிட்டு வந்த அன்று சூப்பர்வைசரைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. மருத்துவமனைக்குப் புது விரிப்புகள் வந்திருப்பதாகவும், துணி மொரமொரப்பாக இருப்பதால் மடிப்பு நிற்கவில்லை என்றும், ஒரு மாதம் துவைத்தால்தான் வழிக்கு வரும் என்றும் சொன்னாள். ஒரு மாதம் என்றதை அவர் கவனித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பதினாறு ஓடாது. அவளுடைய தங்கை வீட்டுக்குப் போக வேண்டியிருந்ததால் இருவரும் நடந்தார்கள். சந்தில் அவர் பின்னால் வந்தார். படியேறி முடித்ததும் அவள் நின்றாள்.

“பின்னாடி வராதீங்க. போலீஸ்காரன் கூட்டிட்டுப் போற மாதிரி இருக்கு.”

“முன்னாடி போனா முதுகுங்கற.”

“பக்கத்துலன்னு ஒரு இடம் இருக்கு. உங்க படிவத்துல இல்லையா?”

அவர் பக்கத்தில் வந்தார். சாலை குறுகல், எதிரே சைக்கிள் வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டியிருந்தது. தங்கை மகனுக்குப் பார்த்திருக்கும் வேலையைப் பற்றி அவள் சொல்லத் தொடங்கினாள். பாலத்தில் நின்றார்கள், வாரைச் சரிசெய்ய அவள் குனியவில்லை, சும்மா நின்றாள். டிரான்ஸ்பார்மர் மேடையில் அவர் உட்கார்ந்து பார்த்தார், சிமென்ட் வழுவழுப்பாக இருந்தது. கிடங்குச் சுவரில் அவள் கறைமேல் கை வைத்தாள். மறுபக்கம் அவர் தோளையும் பிடித்துக்கொண்டாள்.

மேல்ரோட்டில், அன்றைக்குப் போலவே திரும்பாமல் கேட்டாள்: “எவ்வளவு?”

அவர் பையிலிருந்து எடுத்துப் பார்த்தார். “இருபத்திரண்டு.”

“அன்னிக்கு இருபத்தொண்ணுதானே? முட்டி அவ்வளவு மோசமாயிடுச்சா?”

“முட்டி இல்ல” என்றார் அவர். “பேசிக்கிட்டு வந்தோம்ல. அதுக்கு ஒரு நிமிஷம்.”